பிக்கப் ஏறவில்லை, சத்தம்தான் ஏறியது: ஏர் ஃபில்டரில் நான் ஏமாந்த கதை

சின்ன கார் வைத்திருப்பவர்கள் யாராவது 'பெர்ஃபார்மன்ஸ்' ஏர் ஃபில்டர் மாட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால், காசைக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் கொடுத்த பிறகுதான் படிக்கவே ஆரம்பித்தேன்.

என் வண்டி 1.2 லிட்டர் பெட்ரோல், நாலு சிலிண்டர், டர்போ கிடையாது. எண்பது குதிரைத்திறனை ஒட்டிய இன்ஜின். ஆறு வருடமாக எந்த வம்பும் செய்யாமல் ஓடியது. ஏசியைப் போட்டு நாலு பேர் உட்கார்ந்து மேடு ஏறினால் மட்டும் மூச்சு வாங்கும். அந்த ஒரு குறைதான் என்னை மாடிஃபிகேஷன் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே வித்தையை இதே வசனத்தோடு காட்டுகிற கடைகள் நிறைய இருக்கின்றன. ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றவை யோக்கியம் என்று ஆகிவிடும்.

அந்த வித்தையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் விழுந்தது அங்கேதான். கடைக்காரர் பானட்டைத் திறந்து, என் வண்டியில் இருந்த காகித ஃபில்டரைக் கழற்றினார். கரி பிடித்துக் கறுத்துப் போயிருந்தது. அதன் பின்னால் டார்ச் அடித்துக் காட்டினார். "பாருங்க சார், வெளிச்சமே போகலை. காத்து எப்படிப் போகும்?" அடுத்து, எண்ணெய் தடவிய சிவப்புப் பருத்தித் துணி ஃபில்டர் ஒன்றை எடுத்து அதே டார்ச்சை அடித்தார். புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்தது. "இத்தனை வருஷமா உங்க இன்ஜின் மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடியிருக்கு சார். இதை மாட்டினா 10 குதிரைத்திறன் கூடும். லிட்டருக்கு 2 கிலோமீட்டர் மைலேஜ் ஏறும். கழுவிக் கழுவி ஆயுசுக்கும் போட்டுக்கலாம்." இன்ஜின் திறனை அளக்கும் டைனோ இயந்திரத்தில் எடுத்த, வேறு ஏதோ ஒரு வண்டியின் வரைபடத்தையும் காட்டினார். எந்த வண்டி, எந்த இன்ஜின் என்றுகூடக் கேட்காமல் தலையாட்டினேன்.

இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. அவர் ஒப்பிட்டது புது ஃபில்டரோடு புது ஃபில்டரை அல்ல, நான் மாற்றாமல் விட்டிருந்த அழுக்கு ஃபில்டரோடு தன்னுடைய புது ஃபில்டரை. அந்த இடத்தில் கம்பெனியின் சாதாரணக் காகித ஃபில்டரைப் புதிதாகப் போட்டிருந்தாலே வண்டி கொஞ்சம் கலகலப்பாகத்தான் ஓடியிருக்கும். டார்ச் விஷயம் அதைவிட மோசம். வெளிச்சம் நேர்கோட்டில் போகும், காற்று வளைந்து நெளிந்து இழைகளுக்குள் புகுந்து போகும். நேராக வெளிச்சம் போகிற ஓட்டை இருக்கிறதென்றால் அது தூசிக்கும் திறந்த வாசல். கையகலம் தெரிகிற காகித ஃபில்டரை விரித்துப் பாருங்கள். 4 செ.மீ. ஆழம், 20 செ.மீ. நீளத்தில் ஐம்பது மடிப்பு இருந்தால், இரு பக்கமும் சேர்த்து 8,000 சதுர செ.மீ. காகிதம் உள்ளே ஒளிந்திருக்கிறது. அந்த மடிப்புகள் அழகுக்காக வைத்தவை அல்ல.

கதை அந்தத் துணி ஃபில்டரோடும் நிற்கவில்லை. "பழைய பாக்ஸுக்குள்ளயே போட்டா பாதிப் பலன்தான் சார்" என்று கோன் ஃபில்டர் கிட்டுக்கு ஏற்றிவிட்டார். ஏர் பாக்ஸ் மொத்தமாகக் கழன்றது. அதன் இடத்தில் பளபளக்கும் அலுமினியக் குழாயும் கூம்பு ஃபில்டரும் வந்தன. "அந்த டப்பா இனி எதுக்கு சார், இங்கயே கிடக்கட்டும்" என்றார். விட்டுவிட்டு வந்தேன். அந்த டப்பாவை விட்டுவந்ததுதான் பின்னால் எனக்கு அதிகச் செலவு வைத்தது.

முதல் வாரம் சொர்க்கம். ஆக்சிலரேட்டரை மிதித்தால் பானட்டுக்குள் இருந்து 'ஊஊம்' என்று ஓர் உறுமல். வண்டி பறக்கிறது என்றே நம்பினேன். என் மனைவி இரண்டாம் நாளே "சைலன்சர் ஓட்டையாயிடுச்சா?" என்று கேட்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் காது சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. ஏர் பாக்ஸ் ஃபில்டரை வைக்க மட்டும் உள்ள டப்பா இல்லை, இன்ஜின் காற்றை இழுக்கும் ஓசையை அடக்குவதும் அதுதான். அதை எடுத்துவிட்டால் எப்போதும் இருந்த சத்தம் வெளியே கேட்கும். சத்தம் கூடினால் வேகம் கூடியதாக மனது தானே முடிவு கட்டிக்கொள்ளும். எனக்கு அப்படித்தான் ஆனது.

மைலேஜ் கணக்குதான் முதல் சந்தேகத்தைக் கிளப்பியது. நான் டேங்க் நிரப்பி நிரப்பிக் கணக்கு எழுதுகிற ஆள். ஐந்து டேங்க் ஓட்டியும் பழைய எண்ணேதான் வந்தது. பிறகு வண்டியின் கம்ப்யூட்டரில் செருகி அதன் எண்களைப் படிக்கும் ஓபிடி ரீடர் ஒன்றை வாங்கி, போனில் எண்களைப் பார்க்க ஆரம்பித்தேன். கடைக்காரர் சொன்னதை அந்த எண்கள் ஒவ்வொன்றாக உடைத்தன.

1.2 லிட்டர் நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் ஒரு சுற்றுக்கு 0.6 லிட்டர் காற்றை இழுக்கும். 6,000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 3,600 லிட்டர். இது காகிதக் கணக்கு. உண்மையில் முழுதாக மிதித்தால், காற்றை எடையில் அளக்கும் என் வண்டியின் சென்சார் வினாடிக்கு 60 கிராமை ஒட்டிக் காட்டும். சமதரையில் 60 கி.மீ. வேகத்தில் சும்மா போகும்போது? 9 கிராம். அதாவது கம்பெனி ஃபில்டரின் தாங்கும் அளவில் ஆறில் ஒரு பங்குகூட நான் பெரும்பாலான நேரம் பயன்படுத்துவதே இல்லை. அந்த நேரத்தில் காற்றைத் தடுப்பது ஃபில்டர் அல்ல, என் கால். ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கிற த்ராட்டில் தகடு பாதிக்கு மேல் மூடியிருக்கும். வெளியே காற்றழுத்தம் 100 கிலோபாஸ்கல் இருந்தால் தகட்டுக்கு அந்தப் பக்கம் 40தான். அறுபது அங்கே போகிறது. சுத்தமான ஸ்டாக் ஃபில்டர், அதாவது கம்பெனி ஃபில்டர், முழு வேகத்திலேயே ஓரிரு கிலோபாஸ்கலைத்தான் தின்னும், மெதுவாகப் போகும்போது அதுவும் இல்லை. குழாயை நாமே திருகிச் சன்னமாக விட்டுக்கொண்டு, மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் பைப்பை அகலமாக்குகிற வேலை இது.

முழுதாக மிதிக்கும்போதாவது லாபம் உண்டா? ஃபில்டரையே தூக்கி எறிந்தாலும் மிச்சமாவது அந்த ஓரிரு சதவீதம்தான். எண்பது குதிரையில் ஒன்று, ஒன்றரை. பத்து எங்கிருந்து வரும்?

மைலேஜும் ஏறாது. ஆக்சிஜன் சென்சார் உள்ள இன்ஜெக்ஷன் வண்டியில், உள்ளே போகும் காற்றை அளந்து, 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்று கம்ப்யூட்டரே கலந்துவிடுகிறது. காற்று குறைந்தால் பெட்ரோலையும் குறைக்கும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்துவைத்துச் சோதித்தது. நவீன பெட்ரோல் வண்டிகளில் மைலேஜ் சொல்லிக்கொள்ளும்படி மாறவில்லை, முழு வேகமெடுக்கும் திறன்தான் குறைந்தது. அடைத்த ஃபில்டரே மைலேஜைக் கெடுக்காதபோது, சுத்தமான ஃபில்டரை விடச் 'சுதந்திரமான' ஃபில்டர் எப்படி மைலேஜ் கூட்டும்? கார்புரேட்டர் காலத்து வண்டிகளில் அடைப்புக்கும் மைலேஜுக்கும் தொடர்பு இருந்தது. கடைக்காரர்கள் அந்தக் காலத்து உண்மையைத்தான் இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

கோன் ஃபில்டரில் இன்னொரு கூத்தும் உண்டு. கம்பெனி ஏர் பாக்ஸின் மூக்கு முன்பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்றை எடுக்கும். கோன் உட்கார்ந்திருப்பது இன்ஜினுக்குப் பக்கத்தில், பானட்டின் அனலுக்குள். டிராஃபிக்கில் நின்றபோது உள்ளே போகும் காற்றின் வெப்பம் 58 டிகிரி காட்டியது. பின்னர் கம்பெனி ஏர் பாக்ஸையே திரும்ப வாங்கி மாட்டியதும் அதே மாதிரி நெரிசலில் 40. சூடான காற்று மெலிந்த காற்று. இந்த 18 டிகிரிக்கே அடர்த்தி ஐந்து சதவீதத்துக்கு மேல் குறைகிறது. ஃபில்டர் கொடுத்ததாகச் சொல்லும் ஒரு சதவீதத்தை அனல் ஐந்தாகப் பிடுங்கிக்கொண்டது. மூன்றாம் கியரில் 40-லிருந்து 80 வரை போனில் படம் பிடித்து நேரம் பார்த்தேன். வண்டி குளிர்ந்திருந்தபோது வித்தியாசமே இல்லை. நெரிசலில் கிடந்து வந்தபின் கோன்தான் அரை வினாடி பின்தங்கியது.

மாட்டிய மூன்றாம் மாதம் செக் இன்ஜின் லைட் எரிந்தது. வண்டி நிற்கும்போது ஐடிலில் ஆர்பிஎம் ஏறி இறங்கி ஊஞ்சலாடியது. ஸ்கேனரில் பி0171, கலவையில் பெட்ரோல் போதவில்லை என்ற கோடு. கம்ப்யூட்டர் தன் பங்குக்கு 19 சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றிச் சமாளித்துக்கொண்டிருந்தது. கடைக்குப் போனேன். "நீங்க ஆயிலை அதிகமா அடிச்சிருப்பீங்க சார்" என்றார். நான் அந்த ஃபில்டரைத் தொட்டதே இல்லை. ஒரு மாதம் கழித்து 'இலவச சர்வீஸ்' என்று கழுவி எண்ணெய் அடித்தது அவருடைய ஆள்தான். பில்லைக் காட்டினேன். அதில் 'ஆக்சஸரீஸ்' என்று ஒரே வார்த்தை. பொருளின் பெயர் இல்லை, எண் இல்லை, மாட்டிக்கொடுத்த வேலையைப் பற்றி ஒரு வரி இல்லை. பழைய ஏர் பாக்ஸையாவது கொடுங்கள் என்றேன். "அது அப்பவே ஸ்க்ராப்ல போயிடுச்சு சார்." அதற்குப் பிறகு என் போனை எடுக்கவில்லை.

பழைய மெக்கானிக் அண்ணனிடம் வெட்கத்தோடு வண்டியைக் கொண்டுபோனேன். அவர் திட்டவில்லை. "தம்பி, விரலை விட்டுப் பாரு" என்று ஃபில்டருக்கு அடுத்த குழாயைக் கழற்றிக் காட்டினார். சுத்தமாக இருக்கவேண்டிய பக்கம் அது. விரலில் பழுப்பாக, நறநறவென்று மாவு ஒட்டியது. எண்ணெயில் குழைந்த தூசி.

கோளாறு இரண்டு இடத்தில். ஃபில்டரிலிருந்து வந்த எண்ணெய் காற்றை அளக்கும் அந்த மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரின் சூடான இழையில் படிந்து, அதன்மேல் தூசி ஒட்டி, வருகிற காற்றைக் குறைவாகக் காட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்றை அவர் சொல்லாவிட்டால் நான் கண்டுபிடித்தே இருக்கமாட்டேன். இன்ஜின் உள்ளறை மூச்சுவிடுகிற குழாயான ப்ரீதர் ஹோஸ் முன்பு சென்சாருக்கு அடுத்த குழாயில் சேர்ந்திருந்தது. புதுக் குழாயில் அதற்கு இடமில்லாததால் கடைக்காரர் அதைத் துண்டித்து, கட்டைவிரல் பருமனில் குட்டி ஃபில்டர் ஒன்றைச் செருகிவிட்டிருந்தார். அந்த வழியாக, சென்சார் அளக்காத காற்று இன்ஜினுக்குள் திருட்டுத்தனமாகப் போய்க்கொண்டிருந்தது. கணக்கில் வராத காற்றுக்குக் கம்ப்யூட்டர் எப்படிப் பெட்ரோல் ஊற்றும்?

தூசியைப் பற்றி அவர் சொன்னதுதான் தூக்கத்தைக் கெடுத்தது. தூசியில் நிறைய மணல், அதாவது குவார்ட்ஸ். இரும்பைக் கீறும் கடினம். தலைமுடி 70 மைக்ரான் என்றால், பிஸ்டன் ரிங்கை அரைப்பது அதைவிடப் பல மடங்கு பொடியான, 5 முதல் 20 மைக்ரான் துகள். ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே உள்ள எண்ணெய்ப் படலத்துக்குள் புகுந்து இரண்டு பக்கத்தையும் தேய்க்கும். "நூத்துக்கு 99 பிடிக்கிறதுக்கும் 97 பிடிக்கிறதுக்கும் ரெண்டுதானே வித்தியாசம்" என்று கேட்டேன். "பிடிக்கிறதை எண்ணாதே, விடுறதை எண்ணு" என்றார். ஒன்றுக்கு மூன்று. மூன்று மடங்கு தூசி.

ஃபில்டர்களைச் சோதிக்க ஐஎஸ்ஓ 5011 என்று ஒரு தரமுறை இருக்கிறது. எவ்வளவு தூசி பிடிக்கும், எவ்வளவு அழுத்தம் இழக்கும், எவ்வளவு தூசி தாங்கும் என்று மூன்றையும் அது அளக்கும். பெட்டியில் 'இத்தனை சதவீதம் கூடுதல் காற்று' என்று கொட்டை எழுத்தில் போட்டு, தூசி பிடிக்கும் அளவைப் பற்றி மூச்சே விடாத ஃபில்டரை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். ஆயுசுக்கும் கழுவிப் போடலாம் என்பதிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. ஃபில்டர் கொஞ்சம் தூசி பிடித்தபிறகுதான் இன்னும் பொடியான தூசியை நன்றாகப் பிடிக்கும். கழுவும் ஒவ்வொரு முறையும் அந்தப் பலன் போய், முதலிலிருந்து தொடங்கும். காகித ஃபில்டரை அடிக்கடி தட்டித் தட்டிப் போடுகிறவர்களுக்கும் இது பொருந்தும். ஏர் கன்னால் கிட்டே வைத்து அடித்தால் காகிதமே கிழியும்.

இந்த ஃபில்டர்கள் எல்லாமே பித்தலாட்டம் என்று சொல்லவரவில்லை. டர்போவின் அழுத்தத்தைக் கூட்டி, கம்ப்யூட்டரையும் மாற்றி எழுதி, கம்பெனி நினைத்ததைவிட நிறையக் காற்று குடிக்கிற இன்ஜினுக்கு ஸ்டாக் ஃபில்டர் உண்மையிலேயே பற்றாமல் போகலாம். பந்தய வண்டிக்காரர்கள் சில ஓட்டங்களுக்கு ஒருமுறை இன்ஜினையே பிரிப்பார்கள், தூசியைப் பற்றி அவர்களுக்குக் கவலையில்லை. சத்தம் பிடித்திருக்கிறது, அதற்காகத்தான் மாட்டுகிறேன் என்பவரோடும் எனக்குச் சண்டை இல்லை. வேலைக்கும் வீட்டுக்கும் ஓடுகிற 1.2 லிட்டர் வண்டிக்குப் பத்து குதிரை என்று சொல்லி விற்றதுதான் மோசடி.

அதையும் மீறி மாட்டியே தீருவேன் என்றால், முதலில் புது ஸ்டாக் ஃபில்டர் ஒன்றைப் போட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். ஒப்பீட்டை அங்கிருந்து தொடங்குங்கள். கழற்றிய ஏர் பாக்ஸ், ஹோஸ், கிளிப் எல்லாவற்றையும் கையோடு வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள். ப்ரீதர் ஹோஸை எங்கே சேர்த்தார்கள் என்று கண்ணால் பாருங்கள். பில்லில் பொருளின் பெயரும் எண்ணும் இருக்கட்டும்.

எனக்கு ஏர் பாக்ஸ், ஹோஸ், ஃபில்டர் மூன்றையும் புதிதாக வாங்க வேண்டிவந்தது. சென்சாரை அதற்கான ஸ்ப்ரே அடித்துத் துடைத்ததில் பிழைத்துக்கொண்டது. கூடுதல் பெட்ரோலாக 19-இல் நின்ற சதவீதம் ஒரு வாரத்தில் 3-க்கு இறங்கியது, லைட் அணைந்தது. செலவான மொத்தத்துக்கு இந்த வண்டியின் மிச்ச ஆயுளுக்கும் காகித ஃபில்டர் வாங்கிப் போட்டிருக்கலாம். மேடு ஏறும்போது இப்போதும் மூச்சு வாங்குகிறது, ஏசியை அணைத்துவிட்டு ஏறுகிறேன்.

அந்தக் கோன் ஃபில்டர் பரண்மேல் கிடக்கிறது. போன வாரம் தெரிந்த பையன் ஒருவன் "அண்ணா, சும்மாதானே கிடக்கு, எனக்குக் கொடுங்க" என்று கேட்டான். அவனுடையது 1 லிட்டர் வண்டி. கொடுக்கவில்லை.