ரதல்ல இறக்கத்தில் ஒரு பழைய சன்னி: வாங்கலாமா?

ஹட்டனில் ஒருவர் விற்பனைக்கு வைத்திருந்த நிசான் சன்னி எஃப்.பி. 14 கார் ஒன்றைச் சென்ற மாதம் இரண்டு நாட்கள் பார்த்தும் ஓட்டியும் பரிசோதித்தேன். 1995ஆம் ஆண்டுத் தயாரிப்பு. மீற்றரில் 2,87,000 கிலோமீற்றர். கேட்ட விலை 19 இலட்சம் ரூபாய். முப்பது வயதுக் காருக்கு இந்த விலையா என்று வெளிநாட்டு உறவினர்கள் சிரிக்கக்கூடும். ஆனால் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதன் பின்னரும் வரியோடு சேர்ந்த விலை ஓர் ஆசிரியரின் சம்பளத்துக்கு எட்டாத இடத்திலேயே இருப்பதால், மலையகத்தில் மலிவான கார் என்றால் இன்றும் இந்த வயதுக் கார்தான்.

பலரும் 2,87,000 என்ற எண்ணைக் கண்டு பயப்படுவார்கள். எனக்கு அது குறைவாக இருக்கிறதே என்றுதான் சந்தேகம் வந்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பகிர்ந்தால் ஆண்டுக்குப் பத்தாயிரம் கிலோமீற்றர்கூட வரவில்லை. என்னுடன் வந்த கராஜ் பாஸ், அதாவது மெக்கானிக், மீற்றரைப் பார்க்கவே இல்லை. குனிந்து கிளச் மிதியைத் தொட்டுப் பார்த்து, "சேர், இந்த ரப்பர பாருங்க, தேஞ்சு இரும்பு தெரியுது" என்றார். ஸ்டியரிங்கின் பளபளப்பும், சாரதி ஆசனத்தின் ஓரம் நைந்திருந்த விதமும் அவர் பக்கமே சாட்சி சொல்லின. மேலும், கொழும்பின் சமதரையில் ஓடிய கிலோமீற்றரும் மஸ்கெலியாவுக்கு முதலாம், இரண்டாம் கியர்களில் ஏறிய கிலோமீற்றரும் மீற்றரில் ஒன்றாகவே பதிவாகும். கிளச்சும் பிரேக்கும் அப்படிக் கணக்கு வைப்பதில்லை. எனவே எவ்வளவு ஓடியது என்பதைவிட எங்கே ஓடியது என்பதையே விற்பவரிடம் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

எஞ்சின் விடயத்தில் இந்தக் கார் என்னை ஏமாற்றவில்லை. முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். போனவுடன் பொனட்டில் கை வைத்து அது குளிர்ந்திருப்பதை உறுதிசெய்த பின்னரே சாவியைத் திருப்பினேன். இதிலுள்ள 1497 சிசி எஞ்சினுக்கு டைமிங் பெல்ட் இல்லை, செயின். பெல்ட்போல் குறித்த தூரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதில்லை என்றாலும், தேய்ந்த செயின் காலைக் குளிரில் சில விநாடிகள் கலகலக்கும். இங்கே மெல்லிய சத்தம் கேட்டு உடனே அடங்கியது. எஞ்சின் எண்ணெய் எரிவதைக் காட்டும் நீலப் புகை இல்லை. வெள்ளைப் புகையை வைத்து முடிவெடுப்பதில்தான் நம் ஊரில் கவனம் வேண்டும். பனி மூடிய காலையில் எந்தக் காரும் வெள்ளையாக ஆவி விடும், எஞ்சின் சூடேறிய பிறகும் அது நிற்காமல், ரேடியேட்டர் நீரும் குறைந்துகொண்டு வந்தால்தான் எஞ்சினின் மேல்பகுதிக்கு அடியிலுள்ள ஹெட் கேஸ்கெட் தகட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

ரேடியேட்டரில் மட்டும் துருநிற நீர் இருந்தது. கூலன்டுக்குப் பதிலாக வழியோரப் பீலித் தண்ணீர் ஊற்றப்பட்டிருக்க வேண்டும். நுவரெலியாவின் உயரத்தில், அதாவது கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றரில், திறந்த பாத்திரத்து நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும்; ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் கார் தப்புகிறது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால், கொழும்பில் ஓடும் கார் இங்கே ஏற்றத்தில் கொதிக்கும். இந்த உயரத்தில் எஞ்சின் பலமும் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. அதனால்தான் பெற்றோல் சிக்கனமான 796 சிசி ஆல்டோவை நான் தேடவில்லை. வீட்டில் ஐந்து பேர், அத்துடன் மரக்கறி மூட்டை.

உண்மையான பரீட்சை நானுஓயாவிலிருந்து இறங்கும் ரதல்ல குறுக்கு வீதியில் நடந்தது. இரண்டாம் கியரில் இறக்கி, வேண்டுமென்றே பிரேக்கைச் சற்று அதிகமாகவே பாவித்தேன். பாதி வழியில் மிதி பஞ்சுபோல உள்ளே இறங்கியது. பிரேக் எண்ணெய் சூட்டில் கொதித்து ஆவிக் குமிழி கட்டினால் இப்படி ஆகும்; அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டொட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140க்கு இறங்கிவிடுகிறது. எண்ணெயை மாற்றினால் தீரும் குறைதான் என்று பாஸ் சொன்னார். விற்பவர் அதைக்கூட மாற்றாமல் காரை மினுக்கி வைத்திருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. கைப்பிரேக்கை இழுத்து, மூன்றாம் கியரில் கிளச்சை மெல்ல விட்டபோது எஞ்சின் உடனே நின்றிருக்க வேண்டும்; இது சிறிது இழுத்த பின்னரே நின்றது, அதாவது கிளச் நழுவத் தொடங்கிவிட்டது. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திரும்பும்போது இடது முன்சில்லில் டக் டக் என்று ஒரு சத்தம், எஞ்சின் பலத்தைச் சில்லுக்குக் கொடுக்கும் சி.வி. ஜொயின்ட் தேய்ந்திருந்தது. உதிரிப்பாகங்கள் கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் என்பதால் இவை எதுவும் காரை ஒதுக்கிவிடக் காரணமல்ல. ஆனால் டயர்களையும் சேர்த்தால் இரண்டு இலட்சம் தனியாக ஒதுக்க வேண்டும் என்பது எங்கள் கணக்கு.

டிக்கியில் மேலதிகச் சில்லுக்கு அடியில் துரு இல்லை. சேசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்திருந்தன. கடன் கொடுத்த நிதி நிறுவனத்தின் பெயர் எதுவும் அதில் இல்லை. புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வருமான அனுமதிப்பத்திரமும் காலாவதியாகவில்லை. ஆனால் புத்தகத்தில் இருப்பது விற்பவரின் பெயரே அல்ல. பழைய உரிமையாளர் கையொப்பமிட்ட மாற்றல் படிவத்தை வைத்துக்கொண்டு அப்படியே கைமாற்றும் வழக்கம் இங்கே பரவலாக உண்டு. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயர் மாறும்வரை சட்டத்தின் பார்வையில் அந்தக் கார் இன்னொருவருடையது என்பதால், எஞ்சின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்த ஒன்றுக்காகவே நான் எழுந்து வந்துவிடத் தயாராக இருந்தேன்.

விற்பவர் 18 வரை இறங்கினார். பிரேக், கிளச், சி.வி. ஜொயின்ட் மூன்றையும் காட்டி, பதினேழரைக்கு மேல் ஒரு சதமும் இல்லை என்றேன். அந்த விலைக்கு இது வாங்கக்கூடிய கார், 19க்கு அல்ல. புத்தகத்தில் பெயருள்ளவர் நாவலப்பிட்டியில் இருக்கிறாராம். அவர் நேரில் வந்து அடையாள அட்டையோடு கையொப்பமிடும் நாளில் முற்பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். அதுவரை பாடசாலைக்குப் பஸ்தான்.