மணல் வடிகட்டியா, பிளீச்சிங் பவுடரா?

1900களின் தொடக்கத்தில் அமெரிக்க நகரங்களில் அசுத்தத் தண்ணீரால் பரவிய டைபாய்டு சாவைக் குறைக்க, நகராட்சிகளின் முன் இரண்டு வழிகள் இருந்தன.

முதலாவது மெதுமணல் வடிகட்டி. மணலின் மேல் படியும் வழவழப்பான உயிர்ப்படலம்தான் கிருமிகளைப் பிடிக்கிறது; மணல் அதற்கு வெறும் இருக்கைதான். ஆனால் இதற்கு ஏக்கர் கணக்கில் நிலமும், அவ்வப்போது மேற்படலத்தைச் சுரண்டியெடுக்க ஆட்களும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பணம் திரட்ட நகராட்சிக் கடன் பத்திரங்களும் வேண்டும். பிட்ஸ்பர்க்கில் ஒரு லட்சம் பேருக்கு நூறுக்கும் மேற்பட்டோர் ஆண்டுதோறும் டைபாய்டில் இறந்துகொண்டிருந்தார்கள். 1899இல் நகரின் ஆணையம் மணல் வடிகட்டியைப் பரிந்துரைத்தும், 1907 இறுதியில்தான் வடிகட்டிய நீர் வந்தது. அந்த இடைவெளியை நிர்வாகத் தாமதம் என்று மென்மையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது குளோரின். ஜெர்சி சிட்டியில் தண்ணீர் நிறுவனம் தூய நீர் தரவில்லை என்று நகரமே வழக்குத் தொடுத்திருந்தது. நிறுவனத்தின் மருத்துவரான ஜான் லீல், யாரிடமும் முன் அனுமதி கேட்காமல் 1908 செப்டம்பரில் நீர்த்தேக்கத் தண்ணீரில் குளோரின் தரும் பிளீச்சிங் பவுடரைக் கலக்கத் தொடங்கினார். நீதிமன்றம் பிறகு அதை ஏற்றுக்கொண்டது. செலவு சொற்பம், நிலமும் தேவையில்லை.

குறை? கலங்கல் நீரில் குளோரின் திணறும், நிறத்தையும் சேற்றையும் நீக்காது, வாடையும் உண்டு. நீர் தெளிவாக இருந்தால் நான் குளோரினையே முதலில் தேர்ந்தெடுப்பேன். கலங்கிய ஆற்று நீரென்றால் மணலைத் தவிர்க்க முடியாது. பின்னாளில் பல நகரங்கள் இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொண்டன.