மலை இறக்கத்தில் ஹெட்லைட்: ஒரு பிக்கப், ஐந்து வருடம், நான்கு வகைப் பல்பு

கொடைக்கானல் மலையில் ராத்திரி வண்டி ஓட்டுகிறவனுக்குக் காட்டுமாடு முதலில் காலாகத்தான் தெரியும். உடம்பு முழுக்கக் கறுப்பு, அடிக்கிற வெளிச்சத்தையெல்லாம் விழுங்கிவிடும். முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளைச் சாக்ஸ் போட்ட மாதிரி இருக்கும். ரோட்டில் நாலு வெள்ளைக் குச்சி நிற்பது போலத் தெரிந்தால் பிரேக்கில் கால் வைக்க வேண்டியதுதான். அந்த நாலு குச்சி எவ்வளவு தூரத்தில் கண்ணில் படுகிறது என்பதுதான் எனக்கு நல்ல பல்புக்கும் மோசமான பல்புக்கும் உள்ள வித்தியாசம். பெட்டியில் போட்டிருக்கும் சதவீதக் கணக்கெல்லாம் அதற்கு அப்புறம்.

மன்னவனூர், பூம்பாறை பக்கம் கேரட், பீன்ஸ், பூண்டு ஏற்றிக்கொண்டு பெருமாள்மலை வந்து, பழனி ரோட்டில் திரும்பி, சவரிக்காடு வழியாக இறங்கி, விடிவதற்குள் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டையை இறக்குவது என் பிழைப்பு. வாரத்துக்கு நாலு நடை. வண்டி பழையதாக வாங்கிய பிக்கப். ஹெட்லைட்டில் எச்4 பல்பு, 12 வோல்ட், 60/55 வாட். பிரைட்டுக்கு ஒரு இழை, டிம்முக்கு ஒரு இழை, இரண்டும் ஒரே கண்ணாடிக்குள். 1971-இல் வந்த வடிவம் இது. இன்றைக்கும் நம் ஊர் லோடு வண்டிகளில் பாதிக்கு மேல் இதை வைத்துத்தான் ஓடுகின்றன என்று பட்டறை வாசலில் நின்று பார்த்தாலே தெரியும்.

வாங்கிய முதல் மாதமே வெளிச்சம் போதவில்லை. எல்லாரும் செய்வதை நானும் செய்தேன். கடையில் போய் "நூறு-தொண்ணூறு குடுங்க" என்றேன். 100/90 வாட் பல்பு. போட்ட அன்றைக்கு ராஜா மாதிரி இருந்தது. ஒன்றரை மாதம் கழித்து, ஒரு ராத்திரி பெருமாள்மலைக்குக் கீழே, ஸ்டீயரிங் பக்கமிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை. டிம்-பிரைட் சுவிட்சைத் தொட்டால் சுடுகிறது. ஓரமாக நிறுத்தி, பார்க்கிங் லைட்டைப் போட்டுக்கொண்டு, பின்னால் வந்த ஒரு பஸ்ஸின் வெளிச்சத்தில் ஒட்டிக்கொண்டே இறங்கினேன். காலையில் பானெட்டைத் திறந்து பார்த்தால் பல்பைச் சொருகுகிற கப்ளர் இரண்டும் பழுப்பேறி, ஒன்றில் டெர்மினல் உருகி உட்கார்ந்திருந்தது.

தப்பு பல்பின் மேல் இல்லை, கணக்குப் போடாத என் மேல்தான். 60 வாட் பல்பு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும், இரண்டுக்கும் 10. நூறு வாட் என்றால் இரண்டுக்கும் சேர்த்து 16 ஆம்பியருக்கு மேல். என் வண்டி வயரிங்கில் அந்த மின்சாரம் முழுக்க ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிற அந்தச் சின்னச் சுவிட்ச் வழியாகத்தான் போய்வந்தது. தாங்குமா?

அப்புறம் எல்இடி. மச்சான் காரில் போட்டிருந்தான். "பகல் மாதிரி இருக்கும் மாமா, ஃபேன்லாம் இருக்கு, சூடே ஏறாது" என்றான். 2,800 ரூபாய். பெட்டியில் 20,000 லூமென் என்று அச்சடித்திருந்தது. லூமென் என்பது பல்பு கொடுக்கும் வெளிச்சத்தின் அளவு. ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்: விதிப்படி செய்த எச்4 ஹாலோஜன் பல்பின் வெளிச்சம் பிரைட்டில் 1,650 லூமென், டிம்மில் 1,000 லூமென், பதினைந்து சதவீதம் முன்னே பின்னே. அதற்குப் பக்கத்தில் இருபதாயிரத்தை வைத்துப் பார்த்தாலே சிரிப்பு வர வேண்டும். எனக்கு அன்றைக்கு வரவில்லை.

முதல் நாள் உண்மையிலேயே பகல் மாதிரிதான் இருந்தது, பானெட்டுக்கு முன்னால் இருபது அடிக்கு. பக்கத்தில் அவ்வளவு வெளுப்பாக இருக்கும்போது கண் பாப்பா சுருங்கிவிடும். சுருங்கிய கண்ணுக்குத் தூரத்தில் இருக்கிறது இருட்டு. காட்டுமாட்டின் கால் தெரிகிற தூரம் குறைந்துதான் போனது. மழை பெய்த தார் ரோட்டில் இன்னும் மோசம், போட்ட வெளிச்சம் எங்கே போனது என்றே தெரியாது. பனி இறங்கினால் முன்னால் வெள்ளைச் சுவர். எதிரே வருகிறவன் ஒவ்வொருத்தனும் பிரைட் அடித்துத் திட்டிக்கொண்டே போனான். நான் டிம்மில்தான் வருகிறேன் என்று யாருக்குப் புரியவைப்பது?

ஏன் இப்படி என்று பிற்பாடுதான் விளங்கியது. ஹெட்லைட்டுக்குள் இருக்கும் ரிஃப்ளெக்டர் ஒரு மெல்லிய இழைக்காகக் கணக்குப் பண்ணிச் செய்தது. அந்த இழை இந்த இடத்தில் இருக்கும், சுற்றிலும் வெளிச்சம் கொடுக்கும் என்று நம்பி வளைத்தது. எச்4-இல் டிம் இழைக்குக் கீழே ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கும். அது கீழ்ப் பக்கம் போகும் வெளிச்சத்தை மறைப்பதால்தான் டிம் மேலே தெறிக்காமல், ஒரு கோடு வெட்டின மாதிரி நிற்கிறது. எல்இடியில் தட்டையான பலகையின் இரண்டு பக்கமும் சில்லு ஒட்டியிருக்கிறது. இடம் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் கோடு கலைந்து வெளிச்சம் எதிரே வருகிறவன் முகத்துக்குப் போகும். எல்இடிக்கென்றே வடிவமைத்த ஹெட்லைட்டோடு வரும் வண்டிகளைப் பற்றி நான் பேசவில்லை, அவை அருமையாக இருக்கின்றன. ஹாலோஜன் வீட்டுக்குள் எல்இடியைக் குடிவைப்பதுதான் வம்பு.

இன்னொன்று, மலைக்காரர்கள் மட்டும் கவனிக்கிற விஷயம். ஹாலோஜன் சூட்டில் ஹெட்லைட் கண்ணாடியின் உள்பக்கம் படிகிற ஈரம் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். எல்இடி தன் சூட்டைப் பின்னால் தள்ளுகிறது, முன்கண்ணாடி சில்லென்றே இருக்கும். மார்கழியில் உள்ளே வேர்த்துக்கொண்டே கிடந்தது. ஏழாவது மாதம் ஒரு பக்கத்து ஃபேனில் மண் அடைத்து நின்றது. அடுத்த வாரம் அந்தப் பக்கம் மினுக்க ஆரம்பித்தது. கழற்றி மச்சானிடமே கொடுத்துவிட்டேன்.

சட்டமும் இதற்குச் சாதகமாக இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. 182ஏ பிரிவின்படி உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் எழுதலாம். வாடகை வண்டிக்காரனுக்கு இரண்டு நடை லாபம் அது.

இந்த நிலையில்தான் பழனியில் ஒரு வயரிங் பட்டறைக்குப் போனேன். வயதானவர், கண்ணாடி மூக்கு நுனியில். "எந்தப் பல்பு நல்ல பல்புண்ணே?" என்று கேட்டேன். அவர் பல்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, டிம்மைப் போடச் சொல்லி, மல்டிமீட்டரை எடுத்து முதலில் பேட்டரியில் வைத்தார். 14.0 வோல்ட். அப்புறம் பல்பு கப்ளரின் பின்பக்கம் குத்தினார். 11.4.

"தம்பி, பல்பு பட்டினி கெடக்குது. மொதல்ல அதுக்குச் சோறு போடு. அப்புறம் ஆள மாத்தலாம்" என்றார்.

இந்தப் பதிவில் ஒரே ஒரு பத்தியை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள். ஹாலோஜன் பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜுக்கு நேர்விகிதத்தில் குறையாது, அதைவிடப் பல மடங்கு வேகமாகக் குறையும். வோல்ட்டேஜ் ஒரு சதவீதம் குறைந்தால் வெளிச்சம் மூன்றரை சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். 13.2 வோல்ட்டில் கொடுக்க வேண்டிய வெளிச்சத்தை 12 வோல்ட்டில் முக்கால் பங்குகூடக் கொடுக்காது. 11.4-இல் ஏறக்குறைய அறுபது சதவீதம்தான். அதாவது நான் 60/55 பல்பை அரை வயிற்றோடு ஓட்டிவிட்டு, வெளிச்சம் போதவில்லை என்று நூறு வாட் போட்டேன். அது இன்னும் அதிகமாக இழுத்து, அதே வயரில் இன்னும் அதிகமாக வோல்ட்டைக் குடித்து, சுவிட்சையும் கொளுத்தியது.

அவர் போட்டது ரிலே வயரிங். ரிலே என்பது சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடுகிற சுவிட்ச். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தடித்த வயர் நேராக பல்புக்கு. பழைய சுவிட்ச் வயர் இனி ரிலேயைத் தட்டி எழுப்புவதற்கு மட்டும். டிம்முக்கு ஒரு ரிலே, பிரைட்டுக்கு ஒன்று. கப்ளர் இரண்டும் பீங்கான். எர்த் வயரையும் புதிதாக, பெயின்ட் சுரண்டி, சேஸிஸில் இறுக்கினார். பாதிப் பேர் இந்த எர்த்தை மறந்துவிடுவார்கள். போய்ச் சேரும் வழியைச் சரிபண்ணிவிட்டு திரும்பும் வழியைத் துருவோடு விட்டால் பாதி வேலைதான். கூலியோடு 1,400 ரூபாய் ஆனது. கப்ளரில் மறுபடி வைத்துப் பார்த்தபோது 13.5. பல்பு? ஆஸ்ராம் சாதாரண 60/55, ஜோடி ஐந்நூறு ரூபாய்க்கும் கீழே.

அன்று ராத்திரி சவரிக்காட்டுக்கு மேலே ஒரு கொண்டை ஊசியில் காட்டுமாடு நின்றது. கால் மட்டும் இல்லை, கொம்பும் தெரிந்தது.

புது வண்டிகள் பலவற்றில் ரிலே கம்பெனியிலேயே வருகிறது. அதனால் கடைக்காரன் சொன்னான் என்று கிட் வாங்காமல், முதலில் மீட்டரை வைத்துப் பாருங்கள். பேட்டரிக்கும் பல்புக்கும் நடுவே அரை வோல்ட்டுக்குள் வித்தியாசம் இருந்தால் வயரிங்கைத் தொட வேண்டியதில்லை.

நான்காவது வகை, கூடுதல் வெளிச்சம் தரும் விலை உயர்ந்த ஹாலோஜன். வாட் அதே 60/55, இழையை இன்னும் நுணுக்கமாகச் சுற்றி அதிகச் சூட்டில் எரியவைக்கிறார்கள். ஆசை விடவில்லை, 1,900 ரூபாய்க்கு ஒரு ஜோடி போட்டேன். வெளிச்சம் நிஜமாகவே நன்றாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் இப்படிப்பட்ட இழைக்கு ஆயுள் குறைவு, அதிலும் ரிலே போட்டு நல்ல வோல்ட்டேஜ் கொடுத்தால் இன்னும் குறையும். லோடு வண்டியின் அதிர்ச்சி வேறு. ஐந்து மாதத்தில் ஒன்று போனது, அடுத்த பதினைந்து நாளில் இன்னொன்று. வாரக் கடைசியில் குடும்பத்தோடு கார் ஓட்டுகிறவர்களுக்கு அது சரியாக இருக்கலாம். எனக்குக் கட்டுப்படியாகவில்லை. நீலக் கலர் அடித்த ஹாலோஜன் பக்கம் போகவே இல்லை. கண்ணாடிக்குக் கலர் அடித்தால் அது வெளிச்சத்தைக் குறைக்கத்தான் செய்யும்.

மஞ்சள் பல்பு பனியைப் பிளக்கும் என்பார்கள். பிரான்சில் 1930-களிலிருந்து 1993 வரை எல்லா வண்டிக்கும் மஞ்சள் ஹெட்லைட்தான் கட்டாயம். ஆனால் பனித்துளி வெளிச்சத்தின் அலைநீளத்தைவிட ரொம்பப் பெரியது, அதற்கு மஞ்சளும் வெள்ளையும் ஒன்றுதான், இரண்டையும் சிதறடிக்கும். கண் கூச்சம் கொஞ்சம் குறைவது மட்டும் நான் உணர்ந்தது. பனியில் உதவுவது கலர் இல்லை, உயரம். பம்பருக்குக் கீழே ஒரு ஜோடி ஃபாக் லைட் தனியாகப் போட்டிருக்கிறேன். பெருமாள்மலை வந்தால் டிம்மும் அதுவும் மட்டும்தான்.

பிக்கப்காரர்கள் பல்பைவிட அதிகம் கோட்டைவிடுவது லெவலில். காலி வண்டியில் ஹெட்லைட் லெவல் பார்த்து எஃப்.சி வாங்கிவிடுவோம். ஒரு டன் ஏற்றியதும் பின்பட்டை அமுங்கி மூக்கு மேலே தூக்கும். ஒருநாள் குடோன் சுவருக்குப் பத்து மீட்டர் தள்ளி நிறுத்தி டிம் கோட்டுக்குச் சாக்பீஸ் போட்டேன். மூட்டை ஏற்றிவிட்டு அதே இடத்தில் நிறுத்தினால் கோடு ஒரு சாணுக்கு மேல் ஏறியிருந்தது. நம் டிம் எதிரே வருகிறவனுக்குப் பிரைட்டாகப் படுவது இப்படித்தான். இப்போது நான் லோடோடுதான் லெவல் வைக்கிறேன்: பத்து மீட்டரில் கோடு, ஹெட்லைட் நடுவின் உயரத்தைவிடப் பத்து சென்டிமீட்டர் கீழே. காலியாக ஏறும்போது வெளிச்சம் கொஞ்சம் கிட்டத்தில் விழும். ஏறும்போது வேகம் இல்லை, பொறுத்துக்கொள்ளலாம். உள்ளே லெவல் திருகுகிற வசதி உள்ள வண்டியானால் இந்தப் பாடே இல்லை.

வாங்கும்போது நான் பார்ப்பது இரண்டுதான். பல்பின் அடியில் வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் ஒரு எண்ணும் பொறித்திருக்க வேண்டும். மூன்று காதுள்ள தகடு ஆடாமல் நேராக இருக்க வேண்டும், போலிகளில் அது கோணலாக இருக்கும், இழையும் கூடவே கோணல். மாட்டும்போது கண்ணாடியில் விரல் படக் கூடாது. விரல் எண்ணெய் பட்ட இடம் சூட்டில் வெந்து கண்ணாடி பலவீனமாகும். பட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு மாட்டவும். ஒரு பக்கம் போனால் இரண்டையும் மாற்றி, நன்றாக இருக்கிற பழையதை டேஷ்போர்டுப் பெட்டியில் போட்டுவைக்கிறேன். எனக்கு எப்போதும் டிம் இழைதான் முதலில் போகிறது, அதுதானே அதிகம் எரிகிறது.

ரிலே போட்டு மூன்று வருடம் தாண்டிவிட்டது. சாதாரணப் பல்பு ஒரு ஜோடி ஏறக்குறைய பத்து மாதம் வருகிறது. சுவிட்ச் சில்லென்று இருக்கிறது. ஒரு ரிலே மட்டும் போன ஐப்பசி மழையில் தண்ணீர் புகுந்து ஒட்டிக்கொண்டது, 120 ரூபாயில் முடிந்தது. இப்போது அதைத் தலைகீழாக, கால்கள் கீழே பார்க்கிற மாதிரித் தொங்கவிட்டிருக்கிறேன்.

மீதி இருக்கிற தலைவலி முன்கண்ணாடிதான். கண்ணாடி என்று வாய் சொல்கிறதே தவிர அது பிளாஸ்டிக், வெயிலில் மஞ்சளடித்துவிட்டது. இரண்டு தடவை வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்துப் பாலிஷ் பண்ணினேன். தேய்க்கும்போது மேலே இருக்கிற வெயில் தடுக்கிற பூச்சும் சேர்ந்து போய்விடுவதால், இரண்டாவது தடவை முதலாவதைவிடச் சீக்கிரமே மங்கியது. மூன்றாவது தடவை தேய்ப்பதாக இல்லை. திண்டுக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் இதே மாடலின் ஜோடி ஒன்று, ரிஃப்ளெக்டர் உரியாமல் வந்தால் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். மார்கழிப் பனிக்கு முன்னால் வந்தால் நல்லது.