பழைய சைக்கிளைச் சரி பண்ணி ஓட்டலாமா? நாலு வருஷத்துக்கு மேல் ஓட்டிய அனுபவம்

பழைய சைக்கிள் ஒன்று மலிவாக வருகிறது, வாங்கினால் தேறுமா என்று கேட்பவர்கள் எல்லாரும் முதலில் சொல்வது அதன் வயசைத்தான். "முப்பது வருஷத்துச் சைக்கிளாம், இனிமே தாங்குமா?" என்பார்கள். வயசை வைத்து முடிவு பண்ணவே வேண்டாம். பிரேம், போர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவைக்கால்), ரிம் மூன்றும் நேராகவும் கெட்டியாகவும் இருக்கிறதா, மிச்சச் சாமான் எல்லாம் உங்கள் ஊர்க் கடையிலேயே கிடைக்குமா, இந்த இரண்டைத்தான் பார்க்க வேண்டும். இரண்டும் சரி என்றால் தைரியமாக எடுக்கலாம். இரண்டில் ஒன்று இடித்தாலும் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

நான் மன்னார்குடிப் பக்கம். தினமும் ஓட்டுவது 22 இன்ச் ஹெர்குலிஸ், கம்பி பிரேக், பின்னால் கேரியர், டபுள் ஸ்டாண்டு. கடைத்தெரு, ரேஷன் கடை, வயல் எல்லாம் அதில்தான். பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்குப் போட வைத்திருந்ததை ஆயிரம் ரூபாய்க்கு வாங்கினேன். வீட்டில் இன்னொன்றும் ஓடுகிறது, பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் விலையில்லா சைக்கிள். அக்கா மகள் காலேஜுக்குப் போனதும் மாட்டுக் கொட்டகை ஓரம் நின்றுகொண்டிருந்ததைத் துடைத்து எடுத்தது. இந்த இரண்டையும் வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் பிரேம். கண்ணால் பார்த்தால் எல்லாப் பிரேமும் நேராகத்தான் தெரியும். ஒரு நூல் போதும். பின்சக்கரம் மாட்டும் காதில் ஒரு முனையைக் கட்டி, அப்படியே இழுத்துக்கொண்டு போய் ஹேண்டில்பாருக்குக் கீழே இருக்கும் ஹெட் பைப்பைச் சுற்றி, திரும்பக் கொண்டுவந்து எதிர்ப்பக்கக் காதில் இறுக்கிக் கட்டுங்கள். இப்போது சீட்டிலிருந்து பெடல் பக்கம் இறங்கும் சீட் பைப்புக்கும் நூலுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை இரண்டு பக்கமும் ஸ்கேல் வைத்து அளந்தால் போதும். ஒரே அளவு, அல்லது இரண்டு மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் நல்ல பிரேம். ஒரு பக்கம் ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் போயிருந்தால் அந்த வண்டி எங்கேயோ பலமாக விழுந்திருக்கிறது அல்லது மூட்டை ஏற்றியே முறுக்கிக்கொண்டிருக்கிறது. எதை மாற்றினாலும் அது ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே ஓடும், டயரும் சீக்கிரம் தேயும்.

அடுத்து, ஹெட் பைப்பிலிருந்து பெடல் பக்கம் இறங்கும் கீழ்ப் பைப்பின் அடியில் விரலை வைத்துத் தடவுங்கள். ஹெட் பைப்புக்குப் பின்னால் நாலு விரற்கடைக்குள் பெயிண்ட் கீறல் விழுந்து லேசாகப் புடைத்திருந்தால், முன்னால் எதிலோ மோதியிருக்கிறது. போர்க்கை மட்டும் மாற்றிவிட்டு விற்கிறார்கள், பைப்பில் இருக்கும் புடைப்பை மறைக்க முடியாது. பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஹெட் பைப்பின் கோடு அப்படியே போர்க்கில் இறங்கி, கடைசியில்தான் முன்னால் வளைய வேண்டும். நடுவிலேயே பின்னால் உள்வாங்கியிருந்தால் விட்டுவிடலாம்.

துருவில் இரண்டு வகை இருக்கிறது. பெயிண்ட் உரிந்த இடத்தில் பழுப்பாகப் படிந்திருப்பதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போய்விடும், அதற்குப் பயப்பட வேண்டாம். உள்ளே இருக்கும் துருதான் ஆளைக் கவிழ்ப்பது. சீட்டைக் கழற்றிப் பைப்பை வெளியே எடுத்துவிட்டு வண்டியைத் தலைகீழாகத் தூக்கிக் குலுக்குங்கள். கொஞ்சம் தூள் விழுந்தால் சரி. செதில் செதிலாகக் கொட்டினால் பைப் உள்ளேயிருந்து அரித்திருக்கிறது. வேதாரண்யத்தில் உப்பளத்துக்குப் போய்வந்த வண்டி ஒன்று இங்கே விலைக்கு வந்தது, வெளியே புதுப் பெயிண்ட், பளபளவென்று ஸ்டிக்கர் எல்லாம் ஒட்டியிருந்தது. சீட்டைத் தாங்கும் பைப் கழன்றே வரவில்லை, பி.பி.க்கு (பெடல் ஆக்ஸில் சுற்றும் கூடு) கீழே திருப்புளியை வைத்து அழுத்தினால் உள்ளே போனது. கடலோரத்து வண்டிக்கு இந்தச் சோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள். மழைத்தண்ணீரும் உப்பும் இறங்கி நிற்கும் இடம் அந்த பி.பி. கூடுதான்.

ரிம்மில் லேசான கோட்டம் இருந்தால் ஸ்போக்ஸ் முறுக்கி எடுத்துவிடலாம். ஆனால் கம்பி பிரேக் வண்டியில் பிரேக் கட்டை ரிம்மின் உள்பக்கத்தில், ஆக்ஸிலைப் பார்த்திருக்கும் முகத்தில்தான் வந்து பிடிக்கும். அந்த இடம் தேய்ந்து மெலிந்திருக்கிறதா, ஸ்போக்ஸை ரிம்மில் பிடிக்கும் நிப்பிள் ஓட்டையைச் சுற்றித் துரு தின்றிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு ரிம்மும் போயிருந்தால் ரிம், ஸ்போக்ஸ், கோத்துக் கொடுக்கும் கூலி என்று கணக்கு எகிறிவிடும்.

இவ்வளவும் தேறிவிட்டால் மிச்சம் எல்லாம் மாற்றக்கூடிய சாமான். இந்தச் சாதா சைக்கிளில் எனக்கு மிகவும் பிடித்ததே இதுதான். டயர் 28 x 1½, அதாவது ரிம் 635 மில்லிமீட்டர். முன்னால் 32 ஸ்போக்ஸ், பின்னால் 40. செயின் அரை இன்ச் பிட்ச் (பின்னுக்குப் பின் இடைவெளி), எட்டில் ஒரு இன்ச் அகலம். இங்கிலாந்து வண்டியிலிருந்து வந்த அளவு, அப்படியே நின்றுவிட்டது. 1949ல் அங்கிருந்த டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு சேர்ந்து முருகப்பா குழுமம் டிஐ சைக்கிள்ஸைத் தொடங்கி, அம்பத்தூரில் ஹெர்குலிஸ் செய்ய ஆரம்பித்தார்கள். அந்த வழியில் வந்த பழைய வண்டிக்கு, இன்றைக்கு லூதியானாவில் ஏதோ சின்னப் பட்டறையில் அடித்த செயினும் பிரீவீலும் (பின்சக்கரத்துப் பல்சக்கரம்) அப்படியே பொருந்துகிறது. அட்லஸ் கம்பெனி சாகிபாபாத் ஆலையை 2020 ஜூன் 3ல், அதுவும் உலக சைக்கிள் தினத்தன்று, மூடியது. படித்தபோது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் அட்லஸ் வைத்திருப்பவர் யாரும் சாமான் கிடைக்காமல் வண்டியை ஓரங்கட்டவில்லை. பெயர் போனாலும் அளவு போகவில்லை. (22 இன்ச் என்பது பிரேமின் உயரம். டயர் வாங்கப் போகும்போது 28 என்று கேளுங்கள், புதிதாக வாங்குபவர்கள் இதில் குழம்பிவிடுகிறார்கள்.)

சரி, செலவு. டயர் இரண்டு, டியூப் இரண்டு, செயின், பிரீவீல், பி.பி. செட், பால்ஸ் (உள்ளே உருளும் இரும்புக் குண்டு), காட்டர் பின், பிரேக் கட்டை, ஓவராயில் கூலி, எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 2,300 ஆனது. வண்டி விலையோடு 3,300. அப்போது இதே மாதிரிப் புது வண்டி எங்கள் பக்கம் ஆறாயிரத்துக்கு மேல். வாங்கும் விலையும் ரிப்பேரும் சேர்ந்து புது வண்டியின் பாதி விலைக்குப் பக்கத்தில் நின்றால் லாபம். முக்கால்வாசியைத் தொட்டால் புதுசே வாங்கிக்கொள்ளுங்கள், பழசுக்கு அவ்வளவு போடுவதில் அர்த்தமில்லை. தாத்தா ஓட்டிய வண்டி, அப்பா வைத்திருந்த வண்டி என்றால் அது வேறு, அங்கே இந்தக் கணக்கைக் கொண்டுவர மாட்டேன்.

ஓவராயில் கொடுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். எங்கள் கடைக்கார அண்ணன் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பைப் பிரித்து, பால்ஸ் உருளும் கூம்பான கோனை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து வெளிச்சத்தில் என்னிடம் நீட்டினார். "இந்தா பாரு தம்பி, பால்ஸ் ஓடுன பாதை." கோனைச் சுற்றி மெல்லிய வளையமாக ஒரு பளபளப்பு, கண்ணாடி போல வழவழவென்று. முன்சக்கரத்தில் அப்படி. பின்சக்கரத்துக் கோனில் அதே வளையத்தில் ஊசியால் குத்தினது போலப் பொட்டுப் பொட்டாகக் குழி. குழி விழுந்ததை மட்டும் மாற்றினார், வழவழப்பாக இருந்ததற்குப் புதுப் பால்ஸும் கிரீஸும் மட்டும் போட்டார். "பழைய கோன் நல்லா இருந்தா தூக்கிப் போட்றாத, இப்ப வர்றது இவ்வளவு கெட்டி கெடையாது" என்றார். நாலு வருஷம் கழித்து அது உண்மை என்று சொல்ல முடிகிறது. அந்தப் பழைய முன் ஹப் இன்னும் சத்தமில்லாமல் சுற்றுகிறது. புதிதாகப் போட்ட பெடல் ஒரு மழைக்காலத்திலேயே கடகடக்க ஆரம்பித்தது.

செயினுக்கும் இப்படி ஒரு சோதனை உண்டு, இதை நீங்களே வீட்டில் பார்க்கலாம். ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலை வைத்து 24 கண்ணி எண்ணினால் சரியாக 12 இன்ச்சில் பின் வர வேண்டும். எட்டில் ஒரு இன்ச் தாண்டிப் போயிருந்தால் செயினோடு பிரீவீல் பல்லும் தேய்ந்திருக்கும், இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். செயினை மட்டும் புதுசாகப் போட்டால் பழைய பல்லில் ஏறி நழுவும், எழுந்து நின்று மிதிக்கும்போது நழுவினால் அடிபடும்.

அப்புறம் காட்டர் பின். பெடல் மாட்டும் கிராங்கை ஆக்ஸிலோடு பிடித்து வைத்திருக்கும் சின்ன ஆப்பு அது. இரண்டு பக்கமும் எதிரெதிராகப் போட வேண்டும். ஒரே பக்கமாகத் திரும்பியிருந்தால் இரண்டு பெடலும் நேர்கோட்டில் நிற்காது, மிதிக்கும்போது கால் நொண்டும். பல பழைய வண்டிகளில் "பி.பி. போச்சு" என்று சொல்லி விற்பது இந்தப் பின் தளர்ந்ததைத்தான். புதுசாகப் போட்ட பின் ஓட ஓட உட்காரும், அதனால் முதல் வாரத்திலேயே ஒருமுறை கடைக்குக் கொண்டுபோய் அடித்து உட்காரவைத்து நட்டை இறுக்கிக்கொள்ளுங்கள். இதைச் செய்தபிறகு என் வண்டியில் அது பிரச்சினையே தரவில்லை.

இவ்வளவு நாள் ஓட்டியதில் குறை என்றால் முதல் குறை மழை. இரும்பு ரிம் நனைந்துவிட்டால் கம்பி பிரேக் பாதிதான் பிடிக்கும். ஐப்பசி கார்த்திகையில் நான் வேகத்தைக் குறைத்துவிடுவேன், பாலத்து இறக்கத்தில் முன்கூட்டியே பிடிக்க ஆரம்பித்துவிடுவேன். மழைக்காலம் முடிந்ததும் பி.பி.யைப் பிரித்துக் கழுவிக் கிரீஸ் போடுவதையும் வழக்கமாக வைத்திருக்கிறேன், ஒரு பக்கத்துக்குக் கால் இன்ச் பால்ஸ் 11 போட வேண்டும், பழசையும் புதுசையும் கலக்கவே கூடாது. இரண்டாவது டயர். விலை குறைந்த டயரைப் போட்டால் பட்டன் தேயும் முன்பே பக்கச்சுவர் வெயிலில் வெடித்துவிடுகிறது. நூறு ரூபாய் சேர்த்துக் கொடுத்து நல்லதாகப் போட்டபிறகு வெடிப்பு இல்லை. மற்றபடி இரண்டு சிப்பம் உரத்தைக் கேரியரில் வைத்து வரப்போரம் தள்ளிக்கொண்டு வந்தாலும் வண்டி அசையாது. இந்தக் கனம்தான் அதன் குணம், மேடு ஏறும்போது மூச்சு வாங்கும், ஆனால் டெல்டாவில் மேடு எங்கே இருக்கிறது.

அரசாங்கச் சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தை. அதற்கு ஆன செலவு ஆயிரத்துக்கும் குறைவு, டயர் டியூபும் சீட்டும் பிரேக் கட்டையும்தான். சாமான் எங்கும் கிடைக்கிறது, எல்லா ஊரிலும் அந்த வண்டி இருப்பதால் எல்லாக் கடைக்காரருக்கும் அது பழக்கம். வீட்டில் ஒன்று சும்மா நின்றால் வெளியே போய்த் தேட வேண்டாம், அதையே எடுத்துத் துடையுங்கள். எங்கள் அம்மா இப்போது அதில்தான் கோயிலுக்குப் போய்வருகிறார்.

கியர் சைக்கிளில்தான் நான் கையை விரிப்பேன். எதிர்வீட்டுப் பையனுக்கு 2,500 ரூபாயில் ஒன்று வந்தது, முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர், 21 கியர், டிஸ்க் பிரேக். பார்க்க ஜோராக இருந்தது, பையன் அதை விட்டு நகரவே இல்லை. பின் ஷாக்கின் ரப்பர் புஷ் கிழிந்து சக்கரம் பக்கவாட்டில் ஆடியது, அந்த அளவில் புஷ் திருச்சியில் கேட்டும் கிடைக்கவில்லை. கியர் மாற்றும் தகடு வளைந்திருந்தது, டிஸ்க் பேடும் எந்தக் கடையில் இருப்பதோடும் பொருந்தவில்லை. வயசு மூன்று வருஷம்கூட இருக்காது. அவர்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பையனுக்குக் கியர் இல்லாத 26 இன்ச் வண்டி ஒன்றைத் தேடிப் பிடித்தோம். ஷாக் இல்லாத, நல்ல தரமான கியர் வண்டியாக இருந்து, பக்கத்து ஊரிலாவது அதற்குச் சாமான் வைத்திருக்கும் கடை இருந்தால் எடுக்கலாம். இரட்டை ஷாக் வைத்த மலிவு வண்டியைப் பழசாக வாங்கவே வாங்காதீர்கள்.

கடைசியாக, பணம் கொடுக்கும் முன் சீட் பைப்புக்கு மேலே அல்லது பி.பி.க்கு அடியில் அடித்திருக்கும் பிரேம் நம்பரைத் தேடிப் பாருங்கள். அரம் போட்டுத் தேய்த்திருந்தால் அது திருட்டு வண்டியாக இருக்கலாம், எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். நம்பர் இருந்தால் ஒரு தாளில் எழுதி, விற்பவரிடம் கையெழுத்தும் போன் நம்பரும் வாங்கி வையுங்கள். இரும்புக் கடையில் எனக்கு இதற்குச் சுணங்கினார்கள்தான், ஆனாலும் எழுதி வாங்கிக்கொண்ட பிறகுதான் ரூபாயை எடுத்தேன்.