மேட்டு வழுக்குது, மதினி

யோகா மேட் வாங்கலாமா என்று மதினி கேட்டிருக்கிறார். யோகா தினத்தை ஒட்டி ஆன்லைனில் பாதி விலைக்குப் போட்டிருக்கிறார்களாம். அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. முட்டி வலி, பி.பி. மாத்திரை, எல்லாவற்றுக்கும் மேல் கூச்சம். "ஏட்டி, மேட்டு வாங்கிப் போட்டாத்தான் எனக்குச் செய்யணும்னே தோணும். உன்னோடது எப்படி உழைக்கி?" என்றார். போனில் சொன்னால் பாதியில் குக்கர் விசில் அடிக்கும், எழுதியே விடுகிறேன்.

என்னுடையது பலரிடமும் இருப்பதுதான். பி.வி.சி., 6 மி.மீ. கனம், ஆறடிக்குக் கொஞ்சம் குறைவான நீளம். வருடக்கணக்காக உழைக்கிறது. கோபம் வந்தபிறகு நியாயம் பேச வராது, அதனால் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கிழியவில்லை. வாங்கிய புதிதில் இருந்த பிளாஸ்டிக் நாற்றம் நிழலில் காற்றாட விரித்துப் போட்டதில் போய்விட்டது. ஈரத்துணியால் துடைத்தால் சுத்தமாகிறது. முட்டி போட்டுச் செய்யும் மார்ஜாரி ஆசனத்தை மொசைக் தரையில் செய்து பார்த்தவர்களுக்கு இந்த 6 மி.மீட்டரின் அருமை தெரியும்.

ஆனால் வழுக்கும். எங்கள் தூத்துக்குடிக் காற்றில் விடிகாலையிலேயே பிசுபிசுப்புதான். ஃபேனை வேகமாக வைத்தாலும் சூரிய நமஸ்காரம் சூடு பிடிப்பதற்குள் உள்ளங்கை நனைந்துவிடும். கையும் காலும் தரையில் ஊன்றிச் செய்யும் அதோமுக ஸ்வானாசனத்தில் இடுப்பைத் தூக்கி நின்றால், பாசி படிந்த கிணற்றடியில் கால் வைத்த மாதிரி இரண்டு கையும் முன்னால் நழுவும். பின்னுக்கு இழுத்து வைப்பேன், மறுபடியும் நழுவும். மூச்சைக் கவனிக்கச் சொல்கிறார்கள். நான் கவனிப்பதெல்லாம் என் கை மேட்டின் விளிம்பை எட்ட இன்னும் எத்தனை அங்குலம் இருக்கிறது என்பதைத்தான்.

எனக்கு நடப்பதை நான் பொறுத்துக்கொள்வேன். புதிதாக வருகிறவர்கள் பாடுதான் பொறுக்கவில்லை. வகுப்பில் பின்வரிசையில் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கை நழுவினால் "மேட்டு சரியில்லை" என்று ஒருவர்கூடச் சொல்வதில்லை. "எனக்குக் கையில பலம் இல்ல", "எனக்கு இதெல்லாம் வராது", "உடம்பு போட்டுட்டேன்" என்றுதான் சொல்கிறார்கள். பழி நேரே உடம்பின் மேல் விழுகிறது. ஏற்கெனவே தயங்கித் தயங்கி வந்தவர்கள், அடுத்த வாரம் பார்த்தால் அந்த இடம் காலி. வழுக்கியது விரிப்பு, கெட்ட பெயர் இவர்களுக்கு.

தயாரித்த கம்பெனிக்கு எழுதினேன். வேர்வையைத் துடைத்துவிட்டுப் பயன்படுத்தவும் என்று பதில் வந்தது. நன்றி.

வைத்தியம் எல்லாம் செய்து பார்த்தாகிவிட்டது. புது மேட்டின் மேல் தயாரிப்பில் படிந்த வழவழப்பு போகக் கல்லுப்பு போட்டுத் தேய்க்கச் சொல்வார்கள். உப்பளத்து ஊரில் உப்புக்கா பஞ்சம்? தேய்த்தேன், கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். மேலே டர்க்கி டவல் போட்டால் அது சுருண்டு சுருண்டு காலடிக்கு வந்தது. பவுடர் போடச் சொன்ன புண்ணியவதியைப் பற்றி நான் பேச விரும்பவில்லை. வெயிலில் மட்டும் நாள்கணக்கில் போட்டுவைக்காதீர்கள், சாயம் போய் விறைத்துவிடும். இயற்கை ரப்பர் மேட்டாக இருந்தால் வெடித்தே போகும்.

கடைசியில் பரணில் கிடந்த பவானி ஜமுக்காளம்தான் கைகொடுத்தது. அதை மேட்டின் மேலேயே விரித்துவிட்டேன். மேட் தரையில் ஜமுக்காளத்தை நகரவிடாமல் பிடித்துக்கொள்கிறது, ஜமுக்காளம் என் கையைப் பிடித்துக்கொள்கிறது. பி.வி.சி. வேர்வையை உறிஞ்சாது, மேலேயே நிறுத்தும். முரட்டுப் பருத்தி உறிஞ்சிக்கொள்ளும். காய்ந்திருக்கும்போது லேசாக வழுக்குகிற பருத்தி, நனைந்ததும் பிடிக்க ஆரம்பிக்கும். அதனால் தொடங்கும் முன் கை வைக்கிற இடத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்துக்கொள்கிறேன். மைசூர் பக்கம் அஷ்டாங்க யோகம் செய்கிறவர்கள் வேர்த்துக் கொட்டுவதால் மேட்டின் மேல் பருத்தி விரிப்புப் போடுவது வழக்கம் என்று பிறகுதான் தெரிந்தது. பத்தமடைப் பாயையும் போட்டுப் பார்த்தேன். படுக்கச் சுகம், நிற்க ஆபத்து.

இன்னொரு விஷயம். முட்டி வலிக்காரர்கள் 10 மி.மீ., 15 மி.மீ. என்று மெத்தை மாதிரி இருப்பதைத் தேடுவார்கள். படுத்துச் செய்வதற்கு நன்றாகத்தான் இருக்கும். அதன்மேல் ஒற்றைக்காலில் விருட்சாசனம் நின்று பாருங்கள், பாதம் அமுங்கி அமுங்கி உடம்பு ஆடும். உடனே "எனக்கு பேலன்ஸே இல்ல" என்று ஆரம்பித்துவிடுவீர்கள். நின்று செய்வதை வெறும் தரையில் செய்யுங்கள், ஒரு கை சுவரில் இருக்கட்டும். முட்டிக்கடியில் போர்வையை நாலாக மடித்துப் போட்டால் போதும்.

இப்போது மதினிக்கு. முதல் மாதம் மேட்டே வேண்டாம். சமையல் மேடையில் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றி, முதுகு நீளும்வரை கால்களைப் பின்னால் வைத்துக்கொண்டே போங்கள். முழங்காலை மடக்கிக்கொள்ளலாம், யாரும் மார்க் குறைக்கப் போவதில்லை. நான் மேட்டில் நழுவுகிற அதே ஆசனத்தின் சாதுவான வடிவம்தான் அது. சோறு வடிய வைத்துவிட்டுக்கூடச் செய்யலாம். குனிந்து கால்விரலைத் தொட முடியவில்லை என்கிறீர்களே, தொட்டு என்ன ஆகப்போகிறது? நாற்காலியில் உட்கார்ந்து குனியுங்கள். யோகா ஆசிரியர் பி.கே.எஸ். அய்யங்கார் நாற்காலி, பெல்ட், மரக்கட்டை, போர்வை எல்லாம் வைத்துத்தான் வளையாத உடம்புக்காரர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். அவருக்கு ஆசிரியரான கிருஷ்ணமாச்சாரியார் பெயரில் சென்னையில் 1976-இல் அவர் மகன் தேசிகாச்சார் தொடங்கிய யோக மந்திரம் என்ற பயிற்சி நிலையத்தில், ஆளைப் பார்த்துத்தான் பயிற்சி. எல்லாருக்கும் ஒரே அளவுச் சட்டை கிடையாது.

பி.பி. இருப்பதால் மூச்சை உள்ளே அடக்கி நிறுத்துவது வேண்டாம். தலை கீழே தொங்கும் ஆசனங்களை டாக்டரிடம் கேட்காமல் தொடாதீர்கள். மேடையில் கை ஊன்றும்போதும் தலை கைகளுக்கு நேராக இருக்கட்டும், தொங்கவேண்டாம். கண் அழுத்தம் இருப்பவர்களுக்கும் இதேதான். சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் போகட்டும்.

வகுப்புக்குப் போவதானால் ஒரே சோதனை. முதுகில் கை வைத்து "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று அமுக்குகிற மாஸ்டராக இருந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். மற்றபடி கூச்சம் எதற்கு? சுடிதார் போதும், லெகிங்ஸ் கட்டாயமில்லை. வீட்டில் என்றால் நைட்டியே போதும், கால் தடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். முழங்காலை வயிற்றோடு அணைக்கிற பவனமுக்தாசனத்தில் வாயு பிரிந்து சத்தம் வந்துவிடுமோ என்று நீங்கள் வாய்விட்டுச் சொல்லாத பயம் எனக்குத் தெரியும். எல்லாருக்கும் வரும். பக்கத்தில் இருப்பவர் தன் சத்தத்தை அடக்குவதில் மும்முரமாக இருப்பார், உங்களுடையது கேட்காது. அண்ணன் சிரித்தால் சவாசனத்தில் பத்து நிமிடம் அசையாமல் கிடக்கச் சொல்லுங்கள், பார்ப்போம். போனைத் தேடிக் கை போய்விடும் அவனுக்கு.

ஆக மேட் பற்றிக் கேட்டீர்கள். தரமானது, உழைக்கிறது, கொடுத்த காசுக்கு மோசமில்லை. வாங்காதீர்கள். வேர்வை வரும்வரை நன்றாகத்தான் இருக்கும், வேர்த்ததும் உங்கள் உடம்பைப் பற்றிப் பொய் சொல்லும்.

என்னுடையது ஓரம் சுருள ஆரம்பித்திருக்கிறது, அடுத்த வருடம் தாங்காது. தாங்காவிட்டால் அதையேதான் மறுபடி வாங்குவேன். ஜமுக்காளத்துக்கு அடியில் வேறெதுவும் அவ்வளவு சரியாகப் பொருந்தவில்லை. கறுப்பு மட்டும் எடுக்கமாட்டேன், உதிர்ந்த நரைமுடியெல்லாம் தெரிகிறது.