கழுவும் முன் நகையைத் திருப்பிப் பாருங்கள்

பல வருஷமாக எங்கள் வீட்டு நகைகளை நானேதான் சுத்தம் செய்கிறேன். கடையில் மெருகு போடக் கொடுத்தால் புதுசு போல வரும், மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு மெருகிலும் மேலிருந்து பொடியளவாவது தங்கம் போகும். தினம் போடும் செயினுக்கும் வளையலுக்கும் அது தேவையே இல்லை. சென்னை வெயிலில் அவற்றில் சேர்வது வியர்வையும் எண்ணெயும் பவுடரும்தான்.

கல் இல்லாத 22 கேரட் நகைக்கு இன்றுவரை நான் நம்புவது பூந்திக்கொட்டை. விதையை எடுத்துவிட்டு, தோலை ராத்திரியே வெந்நீரில் ஊறப்போடுவேன். காலையில் கசக்கினால் நுரைக்கும். அந்தத் தண்ணீரில் நகையைக் கொஞ்ச நேரம் போட்டு, குழந்தைகளின் பல் துலக்கும் பிரஷ்ஷால் மெல்லத் தேய்த்தால் கண்ணிகளுக்குள் இருக்கும் அழுக்கு வந்துவிடும். அதை சிங்க்கில் செய்யாதீர்கள், கிண்ணத்தில் செய்யுங்கள். திருகாணி சாக்கடைக்குள் போனால் கிடைக்காது. டூத்பேஸ்ட் வேண்டவே வேண்டாம். 916 தங்கம் மென்மையானது, பேஸ்ட்டில் உள்ள நுண்பொடி அதில் கோடு போடும். ப்ளீச்சிங் பவுடரையும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். குளோரின், தங்கத்தோடு கலந்திருக்கும் மற்ற உலோகங்களை அரிக்கும்.

கல் வைத்த நகை என்றால் முதலில் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பேன். எந்தக் கல் என்பதைவிட அது எப்படிப் பதிக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் முக்கியம். பின்பக்கம் திறந்திருக்கும் வைரத் தோட்டை சோப்புத் தண்ணீரில் தாராளமாகக் கழுவலாம். வைரத்தில் எண்ணெய்ப் பசை சுலபமாக ஒட்டும், அது போனாலே ஜொலிப்பு திரும்பிவிடும். பாட்டி காலத்து, பின்பக்கம் மூடிய குளோஸ்டு செட்டிங் தோடு அப்படியல்ல. உள்ளே தண்ணீர் இறங்கினால் கல் மங்கிவிடும். மயிலாப்பூர் மாடவீதிகளில் நாட்டிய நகையாக விற்கும் கெம்பு செட்டுகளில் பலவற்றில் கல்லை அரக்கு பிடித்திருக்கும், வெந்நீர் பட்டால் இளகும். இவை இரண்டையும் பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுப்பதோடு நிறுத்திக்கொள்வேன். பிரஷ்கூட வேண்டாம்.

முத்தும் பவளமும் அடிப்படையில் சுண்ணாம்பு, எலுமிச்சையும் வினிகரும் அவற்றைக் கரைக்கும். கழற்றியதும் மெல்லிய துணியால் துடைத்தாலே போதும். மரகதத்தின் நுண்விரிசல்களில் பெரும்பாலும் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள், அதனால் அதற்கும் வெந்நீர் கூடாது.

வெள்ளி தனிக் கதை. கூவம் பாலத்தைக் கடக்கும்போது மூக்கில் ஏறும் அந்த அழுகிய முட்டை வாடை ஹைட்ரஜன் சல்பைடு. வெள்ளியைக் கறுக்கவைப்பதும் அதே வாயுதான். கொலுசுக்கு நான் செய்வது இது: பீங்கான் கிண்ணத்தில் அலுமினியம் ஃபாயில் விரித்து, கொலுசை அதைத் தொடும்படி வைத்து, ஒரு ஸ்பூன் சமையல் சோடா தூவி, கொதித்த தண்ணீர் ஊற்றுவேன். கந்தகம் அலுமினியத்துக்கு மாறிவிடும், கறுப்பு சில நிமிஷத்தில் போய்விடும். தேய்மானம் கிடையாது என்பதால் எனக்கு ரொம்பப் பிடித்த முறை. வேண்டுமென்றே கறுப்பு ஏற்றிய ஆக்ஸிடைஸ்டு வெள்ளிக்கும், கல்லோ எனாமலோ உள்ளதற்கும் மட்டும் இதைச் செய்யாதீர்கள், வேலைப்பாடே போய்விடும். சுத்தம் செய்த வெள்ளியை ஜிப் கவரில் ஒரு சாக்பீஸோடு வைத்தால் மழைக்காலத்திலும் சீக்கிரம் கறுக்காது. ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள், அதிலும் கந்தகம் உண்டு.

கவரிங் நகையின் மேல்பூச்சு மிக மெல்லியது. அதற்கு உலர்ந்த துணி மட்டும்தான், சென்ட்டையும் நகை போடுவதற்கு முன்பே அடித்துக்கொள்ளுங்கள். காதருகே வைத்து ஆட்டும்போது கல் லொடலொடவென்று சத்தம் போட்டால் எந்த நகையையும் கழுவ வேண்டாம், நேரே பத்தரிடம் கொண்டுபோங்கள்.