எர்ன்ஸ்ட் ஹெக்கலின் கடலுயிர் ஓவியங்கள்: ஒரு மறுபதிப்பைப் பற்றிய மதிப்புரை

ஜெர்மானிய உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1899 முதல் 1904 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட 'இயற்கையின் கலை வடிவங்கள்' தொகுப்பின் 100 படத்தாள்களையும் ஒரே நூலாகக் கட்டிய மறுபதிப்பு ஒன்றை வாங்கினேன். அச்சும் வண்ணமும் நிறைவளித்தன. ஆனால் படங்களோடு வந்திருக்க வேண்டிய விளக்கங்களைப் பதிப்பாளர் கையாண்ட விதம் ஏமாற்றமளித்தது.

மருத்துவம் படித்த ஹெக்கல், 1859இல் இத்தாலி சென்று மெசினா கடற்கரையில் ரேடியோலேரியா என்னும் ஒற்றைச்செல் கடலுயிர்களைச் சேகரிக்கத் தொடங்கினார். அவற்றின் சிலிக்கா எலும்புக்கூடுகளை நுண்ணோக்கியில் பார்த்து வரைந்த படங்களுடன் 1862இல் வெளிவந்த ஆய்வு நூலே அவருக்குப் பெயர் தேடித் தந்தது. பிறகு ஜெல்லி மீன்கள், கடற்பஞ்சுகள் என ஆய்வு விரிந்தது. 1881இல் இலங்கைக்கும் பயணமானார். ஆழ்கடலை ஆராயச் சென்ற பிரித்தானியக் கப்பலான சேலஞ்சர் கொண்டுவந்த மாதிரிகளைக் கொண்டு அவர் 1887இல் முடித்த அறிக்கை ரேடியோலேரியாவில் மட்டும் 3,500க்கும் மேற்பட்ட புதிய இனங்களை விவரித்தது. ஆகவே இந்தத் தொகுப்பு தொடங்கியபோது 65 வயதாகியிருந்த அவரது கை, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாகக் கடலுயிர்களை வரைந்து பழகிய கை. வௌவால்களும் ரீங்காரச்சிட்டுகளும்கூடத் தொகுப்பில் உண்டு என்றாலும், அவற்றைப் புரட்டிவிட்டுக் கடலுக்கே திரும்பத் தோன்றுகிறது.

நான் அதிக நேரம் செலவிட்டது எட்டாம் படத்தாளில். அதன் நடுவிலுள்ள ஜெல்லி மீனின் உணர்விழைகள் ஒன்றோடொன்று பின்னாமல் நெளிந்து பக்கமெங்கும் பரவுகின்றன. ஒவ்வோர் இழையையும் தொடக்கம் முதல் நுனிவரை கண்ணால் பின்தொடர முடிகிறது. 1864இல், ஹெக்கலின் முப்பதாவது பிறந்தநாளன்று இறந்துபோன மனைவி அன்னா சேத்தேயின் பெயரையே அவர் இந்த இனத்துக்குச் சூட்டியிருந்தார். கடல் சாமந்திகள் நெருக்கியடித்து நிற்கும் 49ஆம் படத்தாளும் இதற்கு இணையானது. ஹெக்கலின் வரைவுகளைக் கல்லச்சுக்கு மாற்றிய அடோல்ஃப் கில்ச்சின் உழைப்பு இத்தகைய பக்கங்களில் தெளிவாகத் தெரிகிறது. அவரைப் பற்றி முன்னுரையில் ஒரு வரிகூட இல்லாதது நியாயமன்று.

பதிப்பின் பெருங்குறை வேறு. மூலத்தில் ஒவ்வொரு படத்தாளுக்கும் உரிய விளக்கம் உண்டு. இங்கே எஞ்சியிருப்பது நூலின் இறுதியில் பொடி எழுத்தில் அச்சிட்ட பெயர்ப்பட்டியல் மட்டுமே. உருவளவோ உருப்பெருக்கமோ எங்கும் குறிக்கப்படவில்லை. ஒரு மில்லிமீட்டருக்கும் மிகச் சிறிய ரேடியோலேரியா ஒரு பக்கத்தில், கையளவோ அதற்கும் பெரிதோ ஆன ஜெல்லி மீன் மற்றொரு பக்கத்தில், இரண்டும் ஒரே பருமனில். விலங்கியல் அறியாதவர் இவற்றை வெறும் அலங்கார வடிவங்கள் என்றே எடுத்துக்கொள்வார். பதிப்பாளரின் எண்ணமும் அதுதானோ என்னவோ!

ஹெக்கல் மீதான விமர்சனங்களையும் முன்னுரை மௌனமாகக் கடந்துவிடுகிறது. உயிர்களின் வடிவங்களை இயற்கையில் உள்ளதைவிடச் சீரான சமச்சீரோடு அவர் வரைந்தார் என்ற குற்றச்சாட்டு பழையது, பெருமளவு சரியானதும்கூட. 1868இல் வெளியான நூலில் நாய், கோழி, ஆமை ஆகியவற்றின் கருக்களுக்கு ஒரே அச்சுப்படத்தைப் பயன்படுத்திக் கண்டனத்துக்கு ஆளானவரும் அவரே. இதை அறிந்து பார்ப்பவருக்கு, ரேடியோலேரியாவின் அந்தத் துல்லியமான அறுகோணங்களில் கண்டது எவ்வளவு, கருதிக்கொண்டது எவ்வளவு என்ற கேள்வி எழும். படங்களின் சுவை அதனால் குறைவதில்லை.

ஓவியம் பயில்பவர்கள் இந்தப் பதிப்பைத் தயங்காமல் வாங்கலாம்; கோடுகளைப் படியெடுத்துப் பழகுவதற்கு அச்சு போதிய அளவு கூர்மையாக உள்ளது. உயிரியல் ஆர்வத்தோடு வாங்க நினைப்பவர்கள், விளக்கப் பக்கங்களை முழுமையாகச் சேர்த்த பதிப்பைத் தேடிக்கொள்வது நல்லது.